மலையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துக் குன்றுகளில் ஒன்றில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை இருக்கிறது என்று சொன்னால் போதும், "எந்தக் குன்று?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். படம் எடுக்கிறவர்கள் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஒருவர், அந்த மலையடியில் ஆமை கிடைக்குமா என்று கேட்டார். இவர்களில் யாருக்கும் நான் இடத்தைச் சொன்னதில்லை. அதே இடத்தைச் சர்வே எண், எல்லை, தேதி எல்லாம் போட்டு எழுதி அரசு அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு மறைப்பதும் அரசுக்கு எழுதிக் கொடுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி என்பது என் எண்ணம். ஒரு பாதியை மட்டும் செய்கிறவர்கள்தான் அதிகம்.

எனக்குச் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்றால் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, ஏரி ஆக்கிரமிப்பு என்று எல்லா மனுவும் என் கையில் ஒரு சுற்று வந்துதான் உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்குப் பூட்டு. பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பறவை பார்ப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் வேலூரிலேயே நிறையப் பேர் உண்டு. எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பதுதான். இந்த விஷயத்தில் அதுதான் உதவியது.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தென்னிந்தியாவிலும் எல்லா இடத்திலும் இருக்காது. கருங்கல் பாறைகள் குவிந்த குன்று, அதில் முட்புதர், பாறை இடுக்கில் வேர்விட்ட கல்லால மரம் என்று அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. நந்தி மலையில் இருப்பது பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தலையும் தொண்டையும் வாலின் நுனியும் மஞ்சள், உடம்பு சாம்பல். வெண்புருவச் சின்னானோடு ஒரே புதரில் திரியும், கூச்சம் அதிகம். சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆளைக் காட்டாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயம் உள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். அதற்கு வேண்டியது கருங்கல். நமக்கும் வேண்டியது கருங்கல். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பைபாஸ் சாலையில் போனால், தூரத்துக் குன்றுகளில் பாதி தின்றது போல நிற்பவை எத்தனை என்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஜல்லியும் எம்-சாண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. நான் குடியிருக்கிற வீடும் அந்தக் கல்லில் கட்டியதுதான், அதனால் குவாரியே கூடாது என்று பேசுகிற ஆள் நான் இல்லை.

அதே குன்றுகளின் அடிவாரக் கரட்டில் நட்சத்திர ஆமையும் இருக்கிறது. அதற்கு ஆபத்து வெடியில் மட்டும் இல்லை, அதன் ஓட்டின் அழகிலும் இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்க வாங்குகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்த ஆமைகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. நாடுகளுக்கு இடையிலான வனஉயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் ஆமையை முதல் பின்னிணைப்புக்கு ஏற்றினார்கள், அதாவது பிடித்த ஆமையை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் செய்யவே முடியாது. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் அதை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்த்தது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சட்டம் கடுமைதான். ஆனால் ஆமை எந்த ஓடையோரம் நடமாடுகிறது என்ற தகவல் ஒரு போன் படத்தில் வெளியே போய்விட்டால், சட்டம் வந்து சேருவதற்குள் ஆமை போய்விடும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஆந்திராவில் குத்தி (Gooty) என்ற ஊரில் கிடைத்த நீலநிறப் பெருஞ்சிலந்தியை 1899இல் விவரித்து எழுதினார்கள். அதன்பின் நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2001 வாக்கில் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று அந்த இனத்தை உலகம் முழுக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். காட்டில் அது மிக மோசமான அழிவு நிலையில் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் மறைத்துவிட்டால் போதாதா? பல வருடம் எங்கள் பறவைக் குழுவில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது குன்றின் பெயரைப் போடாமல் ஊரின் பெயரை மட்டும் போடுவது, சிலர் ஏற்றாமலே விடுவது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஒரு ஜெராக்ஸ் வேலையில் தெரிந்தது.

ஊர்க்காரர் ஒருவர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். "அக்கா, இத அஞ்சு செட்டு போட்டுக் குடுங்க. மலைய ஒடைக்கப் போறாங்களாம், மீட்டிங்கு வெச்சிருக்காங்க" என்றார். குவாரி வந்தால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம். தாளை மெஷினில் வைக்கும்போதே வரைபடம் கண்ணில் பட்டது. எங்கள் மலை. ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் கல்லாங்குத்துப் புறம்போக்கு. குவாரி கேட்டிருந்தது புறம்போக்குப் பக்கம். உயிரினப் பட்டியலில் காகம், மைனா, கொக்கு, மயில், அணில். அழியும் நிலையில் உள்ள இனம் ஆய்வுப் பகுதியில் எதுவும் பதிவாகவில்லை என்று ஒரு வரி.

எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் நியாயமாகப் பார்த்தால், அந்த வரியில் பொய் இல்லை. பதிவாகவில்லைதான். பதிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள், நாங்கள் மறைத்து வைத்திருந்தோம். அறிக்கையை எழுதிய ஆலோசனை நிறுவனத்து ஆட்கள் வெயிலில் சில நாள் சுற்றிவிட்டு, வனக்கோட்டத்தின் பணித் திட்டத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பார்கள். மயிலுக்கு மட்டும் ஒரு பாதுகாப்புத் திட்டம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி, மரக்கன்று எல்லாம் போட்டு. மயில் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை விட முடியாது. கடலைக் காட்டில் புகுந்து விவசாயியிடம் திட்டு வாங்கும் மயிலுக்குத் திட்டம் உண்டு, அந்தக் குன்றை விட்டால் போக்கிடம் இல்லாத சின்னானுக்கு ஒரு வரி கிடையாது.

இந்த வட்டாரத்தின் சட்ட நிலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலூர் மாவட்டத்தில் வனவிலங்குச் சரணாலயம் கிடையாது. இருப்பதெல்லாம் காப்புக்காடு. எல்லை தாண்டினால் சித்தூர் மாவட்டத்தில் கௌண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானை பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இறங்கும்போது அது சரணாலயத்தை விட்டுக் காப்புக்காட்டுக்கு வருகிறது. யானைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, காகிதத்துக்குத் தெரியும். 2021 நவம்பரில் தமிழக அரசு சிறுகனிம விதிகளைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 2022 டிசம்பரில் வந்த அடுத்த திருத்தத்தில் காப்புக்காடு அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சரணாலயம் உள்ள மாவட்டங்களுக்கு அந்த விதி இன்னும் வேலி. எங்களுக்கு வேலி போய்விட்டது. அதனால் இங்கே ஒரு குன்றைக் காப்பாற்ற நிலத்தின் வகையை நம்ப முடியாது, அதில் வாழும் உயிரின் பெயரைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பெயர் சரியான காகிதத்தில் ஏற வேண்டும்.

ஊர்க்காரர் சொன்ன மீட்டிங், குவாரி பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம். அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். வரைவு அறிக்கை கலெக்டர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். கேட்கும் குத்தகை 5 ஹெக்டேருக்குக் கீழ்தானே, கூட்டம் எதற்கு என்று சொல்வார்கள். 500 மீட்டருக்குள் இருக்கும் பக்கத்துக் குத்தகைகளையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் 5 ஹெக்டேரைத் தொட்டால் கதை மாறும். கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று எதுவும் இல்லை. நாலு பேர் வந்தாலும் நடத்திவிடுவார்கள், அதனால் "யாரும் போகாதீங்க, தானா நின்னுடும்" என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசுவது முழுக்க வீடியோவில் பதிவாகும், நிகழ்ச்சிக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசிக்க வேண்டும். அது பிறகு பொதுவில் வெளியாகும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்கு யோசனை. ஆமை எந்த ஓடையில் என்று மைக்கில் சொன்னால் வீடியோவில் இருக்கும், குறிப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சொல்லாமல் விட்டால் சான்று இல்லை என்பார்கள். அதனால் பேச்சை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்: அறிக்கையின் 10 கிலோமீட்டர் ஆய்வு வட்டத்துக்குள் மஞ்சள் தொண்டைச் சின்னானும் நட்சத்திர ஆமையும் இருக்கின்றன. ஆமை முதல் அட்டவணை உயிரினம், அதற்குத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் ஒப்புதலோடு பாதுகாப்புத் திட்டம் வேண்டும். படம், தேதி, இடம் எல்லாம் தனி இணைப்பாக வனத்துறையிடமும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடமும் தரப்படும். இதை அப்படியே குறிப்பில் ஏற்றுங்கள். ஏற்றினார்கள். வாசித்தபோது சின்னான் என்பது சின்னப்பன் என்று வந்தது. எழுந்து திருத்தச் சொன்னேன். சிரிப்பு வரலாம், ஆனால் குறிப்பில் பெயர் தப்பாகப் போனால் சென்னையில் உட்கார்ந்து அறிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவுக்கு அது பறவை என்றே தெரியாது.

இணைப்பைக் கொடுப்பதில் ஒரு கூத்து நடந்தது. அரக்கு வைத்த மாதிரி ஒட்டி, மேலே "ரகசியம்" என்று பெரிதாக எழுதி ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் நீட்டினேன். வாங்கியவர் சிரித்த முகத்தோடு உறையைக் கிழித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பக்கத்திலும் தேதி முத்திரை குத்தி, மேசையில் விரித்து வைத்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, வருகிற தபாலைப் பிரித்துப் பதிவு செய்வதுதான் அவர் வேலை. அந்த முறையை இப்போது மாற்றியாகிவிட்டது. தபாலில் கொடுப்பது கடிதம் மட்டும். அதில் இனத்தின் பெயர், சட்டப் பிரிவு, கோரிக்கை, "இட விவரம் நேரில் ஒப்படைக்கப்படும்" என்ற ஒரு வரி. அந்தக் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு இணைப்பை அதிகாரியின் கையிலேயே கொடுத்து, என் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். காத்திருக்க வேண்டியிருக்கும். டூர் போயிருக்கிறார், வீடியோ கான்பரன்ஸில் இருக்கிறார் என்பார்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

இணைப்பு கோப்பில் போன பிறகும் வேலை முடியவில்லை. 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கோப்பின் நகலைக் கேட்கலாம், ஆமை வியாபாரியும் கேட்கலாம். இதற்கு அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பிரிவு 11 என்ன சொல்கிறது என்றால், மூன்றாம் நபர் ரகசியமாகக் கருதிக் கொடுத்த தகவலை வெளியிட நினைத்தால், பொதுத் தகவல் அலுவலர் 5 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் 10 நாளுக்குள் தன் கருத்தைச் சொல்லலாம். முடிவு அலுவலருடையதுதான், ஆனாலும் நமக்குத் தெரியாமல் போகாது. பிரிவு 10இன்படி கொடுக்கக் கூடாத பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கவும் முடியும். எனவே இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் "மூன்றாம் நபர் தகவல், நம்பிக்கையின் பேரில் தரப்படுகிறது, பிரிவு 11 பொருந்தும்" என்று அடித்துவிடுகிறேன். இடம் ஒரு தாளில், மற்றது எல்லாம் வேறு தாள்களில். அப்போதுதான் நீக்குவது சுலபம். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால், மார்க்கர் வைத்து அழிக்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது.

இடத்தை எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு பாடம் உண்டு. நாம் ஜிபிஎஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறோம். வருவாய்த் துறையில் யாரும் அட்சரேகையில் யோசிப்பதில்லை. அவர்களுக்குக் கிராமம், சர்வே எண், உட்பிரிவு. வனத்துறைக்குக் காப்புக்காட்டின் பெயரும், பீட் என்கிற வனக்காப்பாளரின் பொறுப்புப் பகுதியும். ஆலோசனை நிறுவனத்துக்குத்தான் ஜிபிஎஸ். ஒரே புள்ளியை மூன்று விதமாக எழுதிக் கொடுத்தால் மூன்று பேருக்கும் புரியும். 'அ' பதிவேடும் புல வரைபடமும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன, அதில் பார்த்து நிலத்தின் வகையையும் சேர்த்து எழுதலாம். ஒரு புள்ளியாகக் கொடுக்காமல், "இந்தச் சர்வே எண்ணின் வடக்குச் சரிவு முழுவதும்" என்று பரப்பாகக் கொடுப்பது இன்னும் நல்லது. கூடு இருக்கும் பாறை மாறலாம், வாழிடம் சரிவுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். நம் படம் காட்டுக்குள் எடுத்தது என்று தெரிந்தால், எதிர்த் தரப்புக்கு அது போதும். எங்கள் பதிவெல்லாம் மண் சாலையிலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் எடுத்தவை. அந்தப் புறம்போக்கில்தான் குவாரி வருகிறது என்பதால் அதுவே பலமான சான்று. போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது, கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே வருகிறது.

ஆமை கேட்டு வந்தவர் கதைக்கு வருகிறேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விசாரித்ததில், ஒரு பையன் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம்தான். ஊர்ப் பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஆமைக்குப் பின்னால் கோயில் கோபுரமும் செல்போன் டவரும் தெரிந்தன. அந்தப் பக்கத்து ஆளுக்கு அது போதும். படம் போடுவதானால் தரையை மட்டும் வைத்து நறுக்கிவிடுங்கள், அடிவானம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதில் பதிந்த இட விவரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும், பலருக்கு இது தெரியாது. ஐநேச்சுரலிஸ்டில் அழியும் அபாயம் உள்ள இனங்களின் இடத்தை அந்தத் தளமே மங்கலாக்கிவிடும், சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி காட்டும். அதற்கு மேல் நாமே "தனிப்பட்டது" என்று பூட்டலாம். ஆனால் குறிப்புப் பகுதியில் "மலைக்கோயில் படிக்கட்டு அருகே" என்று எழுதி வைத்தால் அந்த மங்கலுக்கு அர்த்தமே இல்லை. ஈபேர்டும் சில இனங்களைத் தானாகவே 400 சதுர கிலோமீட்டர் அளவில்தான் காட்டும். நம் இனம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பட்டியலையே பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்கலாம். ஏற்றாமல் விடாதீர்கள். ஏற்றிவிட்டு மறையுங்கள். தேதியோடு ஒரு பழைய பதிவு இருப்பது, குவாரி விண்ணப்பம் வந்த பிறகு உருவாக்கியது இல்லை என்பதற்குச் சான்று.

அந்த ஆளைப் பற்றி வனச்சரகரிடம் சொன்னேன், போன் நம்பரோடு. கடத்தல் பெரிய அளவில் என்று சந்தேகம் வந்தால் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் எழுதலாம்.

அந்த மலையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். முதல் மழைக்கு ஆமை எந்தப் பக்கம் இறங்கும், கல்லாலம் பழுத்தால் எந்தெந்தக் குருவி வரும் என்று விரல் விட்டுச் சொல்வார். "பைக்ல ரெண்டு பசங்க வந்தானுங்கம்மா, ஆமைக்குக் காசு தரேன்னானுங்க. நான் பார்க்கவே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவர் பெயர் என் மனு எதிலும் கிடையாது. சாட்சியாக அவரைப் போட்டால் வலுவாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். குவாரிக்காரர் ஒரே ஊர், மேய்ச்சலுக்கு வனக்காப்பாளர் தயவும் வேண்டும். நாம் எழுதிவிட்டு வேலூருக்கு வந்துவிடுவோம், அவர் அங்கேயே இருக்க வேண்டும். மறைக்க வேண்டிய விவரம் என்றால் பறவையின் இடம் மட்டும் இல்லை.

மாநில அரசே இந்த விவரத்தையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இருக்காது. கலிபோர்னியாவில் அப்படி ஒன்று இருக்கிறது. அரிய உயிரினங்கள் எங்கெங்கே பதிவாகின என்ற தரவுத்தளத்தை மாநில வனவிலங்குத் துறையே வைத்திருக்கிறது. கட்டுமானத் திட்டம் போடுகிறவர்களின் ஆலோசகர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போகிறார்கள். திருட்டுக்கு ஆளாகும் இனங்கள் என்றால் துல்லியமான இடத்தைக் காட்டாமல், வரைபடத்தின் எந்தக் கட்டத்துக்குள் என்று மட்டும் காட்டும். இங்கே நான் நகல் எடுத்த எந்த அறிக்கையிலும் அப்படி ஒரு பதிவைச் சரிபார்த்ததாக ஒரு வரி பார்த்ததில்லை. சரணாலய எல்லை இத்தனை கிலோமீட்டர் என்ற வரி எல்லா அறிக்கையிலும் இருக்கும்.

நம்மிடம் அதற்குப் பக்கத்தில் வருவது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, ஊர்க்காரர்களைக் கேட்டு எழுத வேண்டியது. 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததில் நாடு முழுக்க அவசர அவசரமாக எழுதினார்கள். நான் பார்த்த பதிவேட்டில் வேப்பமரமும் துளசியும் விரிவாக இருந்தன, மலையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பதிவேடு மூடிய புத்தகம் இல்லை, புதுப்பித்துக்கொண்டே போக வேண்டியது. குழுவுக்கு எழுதி, சின்னானும் ஆமையும் இந்த ஊர் எல்லையில் உண்டு என்று சேர்க்கச் சொன்னோம், இடம் போடாமல். அதேபோல் வனக்கோட்டத்தின் பணித் திட்டத்தில் அடுத்த திருத்தத்தின்போது சேர்க்கச் சொல்லி மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம். இந்த இரண்டும் மெதுவான வேலை, பலன் உடனே தெரியாது. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இவைதான் முக்கியம். அடுத்த முறை எந்த ஆலோசகர் வந்தாலும் காப்பி அடிப்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தானே, அதில் இருந்தால் தானாக வந்துவிடும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நிபுணர் குழு, வேறொரு பருவத்தில் மறுபடி உயிரினக் கணக்கெடுப்பு செய்து, ஆமைக்குப் பாதுகாப்புத் திட்டத்தோடு வரச் சொன்னது. புது அறிக்கையில் சின்னான் இருந்தது. ஆலோசகர்கள் தாங்களாகவே பார்த்துவிட்டார்கள், தேடினால் கிடைக்கிற பறவைதான். கடைசியில் குவாரி நிற்கவில்லை. வடக்குச் சரிவை விட்டுவிட்டு, பரப்பைக் குறைத்து, தெற்கில் கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இது தோல்வி, எங்கள் குழுவிலும் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. வெடிச் சத்தத்தில் சின்னான் அந்தச் சரிவில் தங்குமா என்பதுதான் கவலை.

இப்போது செய்து கொண்டிருப்பது நிபந்தனைகளைக் கண்காணிப்பது. அனுமதி வாங்கியவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். ஜூன் அறிக்கையில் ஆமைத் திட்டத்துக்கு நேரே "செயல்படுத்தப்படுகிறது" என்று ஒரே சொல். எங்கே, என்ன செலவில், யார் மேற்பார்வையில் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் டிசம்பர் அறிக்கையை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக முடிவு. உங்கள் ஊர்ப்பக்கம் இதுபோல் ஒரு குன்று இருந்து, மனு எழுத உதவி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.